படங்கள் இறங்காமல் வலைப்பக்கத்தைப் படிப்பது எப்படி: ஜாவாஸ்கிரிப்ட் புதியவர்களுக்கு

ஒரு வலைப்பக்கத்தில் இருக்கும் தலைப்புகள் மட்டும் வேண்டும், அல்லது ஒரே ஒரு அட்டவணை வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் பத்துப் பதினைந்து வரிகளில் முடிகிற வேலைதான். ஆனால் இணையத்தில் கிடைக்கும் பழைய உதாரணங்களை அப்படியே எடுத்துப் போட்டால், நாம் கேட்காத படங்களும் வீடியோக்களும் பின்னணியில் இறங்க ஆரம்பித்துவிடும். நூறு பக்கங்களைப் படிக்கிற நிரல் என்றால் ஆயிரக்கணக்கில் படங்கள் வரலாம். நம் டேட்டா வீணாகிறது, அந்தத் தளத்தின் சர்வருக்கும் தேவையில்லாத சுமை. போதாததற்கு, பக்கத்தில் ஒளிந்திருக்கும் ஒரு பிக்சல் கண்காணிப்புப் படம் உங்கள் ஐபி முகவரியை விளம்பர நிறுவனத்திடம் சேர்த்துவிடும்.

இதைத் தவிர்க்க ஒரே ஒரு விஷயம் புரிந்தால் போதும்: எந்த ஆவணத்துக்குள் வைத்து எச்டிஎம்எல்லைப் பிரிக்கிறோம் (அதாவது எழுத்துச் சரத்தை எலிமென்ட்களாக மாற்றுகிறோம்) என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

ஒரு குறிப்பு. கட்டளைகளின் பெயர்களை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். எடிட்டரிலோ பிரவுசர் கன்சோலிலோ முதல் சில எழுத்துகளைத் தட்டினாலே சரியான எழுத்துக்கூட்டலை அதுவே காட்டிவிடும்.

படம் எப்போது இறங்கத் தொடங்குகிறது?

ஃபெட்ச் கட்டளை ஒரு முகவரியைக் கேட்டால், சர்வர் தரும் பதில் மட்டும்தான் வரும். அது வெறும் எழுத்துச் சரம். அதற்குள் இருநூறு ஐஎம்ஜி டேக் இருந்தாலும் ஒரு படம்கூட இறங்காது. ஆகவே ஃபெட்ச் மேல் பழி போட வேண்டாம்.

சிக்கல் அடுத்த படியில் வருகிறது. அந்தச் சரத்தை எலிமென்ட்களாக மாற்றும்போது, ஒவ்வொரு எலிமென்ட்டும் ஏதோ ஒரு ஆவணத்துக்குச் சொந்தமாகிறது. அந்த ஆவணம் திரையில் ஓடிக்கொண்டிருக்கும் உங்கள் பக்கமாக இருந்தால், ஐஎம்ஜி எலிமென்ட் பிறந்து அதற்கு எஸ்ஆர்சி (படத்தின் முகவரி இருக்கும் பண்பு) கிடைத்த கணமே பிரவுசர் படத்தைக் கேட்கப் போய்விடும். அந்த எலிமென்ட்டைப் பக்கத்தில் சேர்த்தீர்களா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. "நான் எங்கேயும் சேர்க்கவே இல்லையே, பிறகு ஏன் இறங்குகிறது?" என்று புதியவர்கள் குழம்புவது இங்கேதான். இது பிரவுசரின் பிழை அல்ல. எச்டிஎம்எல் விதியே அப்படித்தான். படங்களை முன்கூட்டியே இறக்கி வைக்க 'நியூ இமேஜ்' என்று எழுதும் பழைய உத்தி வேலை செய்வதும் இதனால்தான்.

நேரில் பார்த்துவிடுங்கள், மனதில் பதியும். தமிழ் விக்கிப்பீடியாவில் ஏதாவது ஒரு கட்டுரையைத் திறந்து, எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் டேப்பைக் கண்ணில் படும்படி வைத்துக்கொள்ளுங்கள். கன்சோலில் டாக்குமென்ட்.கிரியேட்எலிமென்ட் மூலம் ஒரு டிவ் உருவாக்குங்கள். அதன் இன்னர்எச்டிஎம்எல்லுக்கு, இல்லாத ஒரு படத்தைச் சுட்டும் ஐஎம்ஜி டேக்கைக் கொடுங்கள். உடனே நெட்வொர்க் டேப்பில் சிவப்பாக ஒரு 404 வந்து நிற்கும். அந்த டிவ் பக்கத்தில் எங்கேயும் இல்லை, ஆனாலும் கோரிக்கை போய்விட்டது. இப்போது அதே சரத்தை, எச்டிஎம்எல்லைத் தனி ஆவணமாகப் பிரிக்க பிரவுசரிலேயே இருக்கும் டாம்பார்சரின் பார்ஸ்ஃப்ரம்ஸ்டிரிங் கட்டளைக்குக் கொடுங்கள். நெட்வொர்க் டேப் அசையாது.

டிவ் முறையில் எல்லாமே இறங்கும் என்றும் நினைக்க வேண்டாம். படங்கள் இறங்கும், வீடியோ, ஆடியோ இறங்கத் தொடங்கும். ஸ்டைல்ஷீட்டும் ஐஃப்ரேமும் பக்கத்தில் சேர்த்தால்தான் இறங்கும். இன்னர்எச்டிஎம்எல் வழியாக வந்த ஸ்கிரிப்ட் டேக் சேர்த்தாலும் ஓடாது. "ஸ்கிரிப்ட்தான் ஓடாதே, ஆபத்தில்லை" என்று பலர் நம்புவது இதனால்தான். அந்த நம்பிக்கை தவறு. ஐஎம்ஜி டேக்கில் ஆன்எரர் என்ற பண்பு இருந்து, படம் கிடைக்காமல் போனால், அதில் எழுதியிருக்கும் நிரல் உங்கள் பக்கத்துக்குள் ஓடும். உங்கள் குக்கீகளும் லாகின் நிலையும் இருக்கும் இடத்தில், யாரோ எழுதிய நிரல். என்னைக் கேட்டால், டேட்டா செலவைவிட இந்தக் காரணத்துக்காகத்தான் டிவ் முறையைக் கைவிட வேண்டும்.

ஜேகுவெரி நூலகத்தைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. டாலர் குறிக்குள் எச்டிஎம்எல் சரத்தைக் கொடுப்பது டிவ் முறைக்குச் சமம்தான். 2016இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து பார்ஸ்எச்டிஎம்எல் என்ற தனிக் கட்டளை, வேறெதுவும் குறிப்பிடாவிட்டால் தனி ஆவணத்தில் வைத்துப் பிரிக்கிறது. ஆனால் டாலர் குறி இப்போதும் ஓடும் பக்கத்தையே கொடுத்து அழைக்கிறது. எனவே பதிப்பு புதியது என்பதால் மட்டும் நிம்மதியாக இருக்க முடியாது.

சரத்தில் எஸ்ஆர்சி என்று வரும் இடங்களையெல்லாம் ரெகுலர் எக்ஸ்பிரஷனால் மாற்றிவிட்டு டிவ்வில் போடும் வழியையும் சிலர் சொல்வார்கள். வேண்டாம். பல அளவுப் படங்களின் முகவரிகள் இருக்கும் எஸ்ஆர்சிசெட் தப்பிவிடும், மேற்கோள்குறி இல்லாமல் எழுதிய பண்பு தப்பிவிடும், கட்டுரையின் நடுவே இயல்பாக வரும் சொல்லும் மாறிப்போகும்.

முதல் படி: பக்கத்தை வரவழைப்பது

தமிழ் விக்கிப்பீடியாப் பக்கம் ஒன்றில் நின்றுகொண்டு, அதே தளத்தின் இன்னொரு கட்டுரையைப் படிப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரே தளம் என்பதால் அனுமதிச் சிக்கல் எதுவும் வராது. பழகுவதற்கு நல்ல இடம்.

அவெய்ட் போட்டு ஃபெட்ச்சை அழையுங்கள். பதில் வந்ததும் முதலில் ரெஸ்பான்ஸ்.ஓகே உண்மையா என்று பாருங்கள். 404 வந்தாலும் 500 வந்தாலும் ஃபெட்ச் அதைப் பிழையாக எறியாது. நெட்வொர்க்கே கிடைக்காதபோது, வேறு தளத்தின் பதிலைப் படிக்க பிரவுசர் அனுமதி மறுக்கும்போது, நேர வரம்பு தாண்டும்போது போன்ற நேரங்களில்தான் எறியும். இந்தச் சோதனையை விட்டுவிட்டால், 'பக்கம் இல்லை' என்ற பக்கத்தை உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருப்பீர்கள்.

அப்புறம் கன்டென்ட்-டைப் தலைப்பை (பதில் எந்த வகை என்று சொல்லி அதனுடன் வரும் ஹெடர்) பாருங்கள். லிங்க் ஒரு பிடிஎஃப் கோப்பாகவோ வீடியோவாகவோ இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். காத்திருக்கும் நேரத்துக்கு வரம்பு வைக்க, அபார்ட்சிக்னல்.டைம்அவுட் தரும் சிக்னலை ஃபெட்ச்சின் இரண்டாவது உள்ளீட்டில் கொடுங்கள். 10,000 மில்லிசெகண்ட் பெரும்பாலும் போதும். லாகின் தேவைப்படாத பக்கம் என்றால் அங்கேயே கிரெடென்ஷியல்ஸ் என்பதற்கு 'ஒமிட்' என்று கொடுத்துவிடுங்கள், குக்கீ போகாது.

ரெஸ்பான்ஸ்.யுஆர்எல் என்ற மதிப்பைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சர்வர் வேறு முகவரிக்குத் திருப்பிவிட்டிருந்தால், கடைசியாகப் போய்ச் சேர்ந்த முகவரி அதில் இருக்கும். மூன்றாம் படியில் தேவைப்படும்.

குறியாக்க விவகாரம்

வழக்கமாக ரெஸ்பான்ஸ்.டெக்ஸ்ட் என்று அழைத்தால் சரம் கையில் வந்துவிடும். இன்றைய தமிழ்த் தளங்களுக்கு அது போதும். ஆனால் இந்தக் கட்டளை, பக்கம் என்ன குறியாக்கத்தில் (எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறையில்) இருந்தாலும் யுடிஎஃப்-8 என்றே எடுத்துக்கொள்ளும். பக்கத்தின் மெட்டா டேக் என்ன சொல்கிறது என்று அது பார்க்காது.

தமிழ் வாசகர்களுக்கு இது முக்கியம். யூனிகோட் பரவும் முன் எழுதப்பட்ட தமிழ்ப் பக்கங்கள் திஸ்கி, டாப், டாம் போன்ற 8-பிட் குறியாக்கங்களில் இருந்தன. டாப், டாம் (டாம்பார்சரில் வரும் டாம் அல்ல) இரண்டும் 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி வந்தவை. அப்படி ஒரு பழைய பக்கத்தை ரெஸ்பான்ஸ்.டெக்ஸ்ட் வழியாக எடுத்தால், யுடிஎஃப்-8இல் பொருந்தாத பைட்டுகளுக்கெல்லாம் கேள்விக்குறி போட்ட கறுப்பு வைரம் வந்து உட்காரும். அதற்குப் பிறகு எந்த மாற்றியாலும் மீட்க முடியாது, ஏனென்றால் மூல பைட்டே போய்விட்டது.

சரியான வழி: ரெஸ்பான்ஸ்.அரேபஃபர் என்று பைட்டுகளாகவே வாங்குங்கள். டெக்ஸ்ட்டிகோடரிடம் விண்டோஸ்-1252 என்று சொல்லிச் சரமாக்குங்கள். டிகோடருக்குத் திஸ்கி தெரியாது, ஆனால் விண்டோஸ்-1252 ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு தனி எழுத்தைத் தருவதால் எதுவும் தொலையாது. திரையில் கிறுக்கலாகத் தெரிந்தாலும் தகவல் முழுமையாக இருக்கும். அதன் மேல் திஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் அட்டவணையை ஓட்டலாம். பழைய தமிழ் இணையத்தில் இருந்ததைக் காப்பாற்ற நினைக்கிற எவரும் இந்த ஒரு படியை மறக்கக் கூடாது.

இரண்டாம் படி: தனி ஆவணத்தில் பிரிப்பது

நியூ டாம்பார்சர், அதில் பார்ஸ்ஃப்ரம்ஸ்டிரிங். முதல் உள்ளீடு உங்கள் சரம், இரண்டாவது 'டெக்ஸ்ட்/எச்டிஎம்எல்' என்ற வகை. கிடைப்பது ஒரு முழு ஆவணம். அதற்கு ஹெட் உண்டு, பாடி உண்டு, குவெரிசெலக்டர் எல்லாம் வழக்கம்போல வேலை செய்யும். ஆனால் எந்த ஜன்னலிலும் அது ஓடவில்லை. அதனால் படம் இறங்காது, ஸ்கிரிப்ட் ஓடாது, ஆன்எரர் எழாது.

இதே குணம் டெம்ப்ளேட் டேக்குக்கும் உண்டு. டெம்ப்ளேட் எலிமென்ட்டின் இன்னர்எச்டிஎம்எல்லில் போட்டு, அதன் கன்டென்ட்டில் தேடலாம். ஒரு துண்டு எச்டிஎம்எல்லுக்கு இது வசதி, முழுப் பக்கத்துக்கு வேண்டாம். எச்டிஎம்எல், ஹெட், பாடி டேக்குகளை அது உதிர்த்துவிடும். டாக்குமென்ட்.இம்ப்ளிமென்டேஷன்.கிரியேட்எச்டிஎம்எல்டாக்குமென்ட் என்று நீளமான பெயரில் ஒன்றும் உண்டு. அதுவும் பாதுகாப்பானதே.

பழசு என்று ஒதுக்கப்பட்ட எக்ஸ்எம்எல்எச்டிடிபிரிக்வெஸ்ட்டுக்கு இங்கே ஓர் அருமையான பயன் இருக்கிறது. அதன் ரெஸ்பான்ஸ்டைப்பில் 'டாக்குமென்ட்' என்று கொடுத்தால், பிரித்து முடித்த ஆவணமே நேரடியாக வரும். மெட்டா டேக்கில் சொன்ன குறியாக்கத்தை அது மதிக்கும். ஆவணத்தின் முகவரியும் வந்த இடத்தின் முகவரியாகவே இருக்கும். அடுத்த படியில் வரும் தலைவலி அதில் இல்லை. ஒரு சின்னக் கருவிக்கு நான் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

மூன்றாம் படி: பாதி முகவரிகளை முழு முகவரியாக்குவது

டாம்பார்சர் தரும் ஆவணத்துக்கு, அது எந்தத் தளத்திலிருந்து வந்தது என்று தெரியாது. அழைத்த பக்கத்தின் முகவரியையே தன் முகவரியாக வைத்துக்கொள்ளும். விக்கிப்பீடியாவில் உள்ள லிங்க்குகள் '/விக்கி/' என்ற பாதையில் தொடங்குபவை. நாமும் விக்கிப்பீடியாவில் நின்றே சோதிப்பதால் எல்லாம் சரியாகத் தெரியும். அதே நிரலை ஒரு பிரவுசர் நீட்சிக்குள் (எக்ஸ்டென்ஷன்) கொண்டுபோனால், எல்லா லிங்க்கும் அந்த நீட்சியின் சொந்த முகவரியில் தொடங்கி நிற்கும்.

அதனால் லிங்க்கின் எச்ரெஃப் சொத்தை நேரடியாகப் படிக்காதீர்கள். கெட்ஆட்ரிப்யூட் மூலம் எழுதியிருப்பதை அப்படியே எடுத்து, 'நியூ யுஆர்எல்' கட்டளைக்கு அதையும், எடுத்து வைத்த ரெஸ்பான்ஸ்.யுஆர்எல்லையும் சேர்த்துக் கொடுங்கள். இரண்டு சாய்கோட்டில் தொடங்கும் விக்கிமீடியா பட முகவரிகளையும் அது சரியாக்கிவிடும். நிறைய லிங்க் இருந்தால், பிரித்த ஆவணத்தின் ஹெட்டில், பாதி முகவரிகளுக்கு அடிப்படை முகவரி எது என்று சொல்லும் ஒரு பேஸ் டேக்கைச் சேர்ப்பது இன்னும் சுலபம். ஆனால் அந்தப் பக்கத்திலேயே பேஸ் டேக் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அந்தத் தளம் சொல்வதுதான் செல்லும்.

விக்கி முகவரிகளில் தமிழ்ச் சொற்கள் சதவீதக் குறிகளாக மாறியிருக்கும். 'தமிழ்' என்ற ஒரு சொல்லே 45 எழுத்து நீளத்துக்கு வரும். டிகோட்யுஆர்ஐகம்போனென்ட் அதைத் திருப்பிப் படிக்கும்படி ஆக்கும்.

நான்காம் படி: வேண்டியதை மட்டும் எடுப்பது

இன்னர்டெக்ஸ்ட்டை இங்கே நம்ப வேண்டாம். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் தருவது அதன் வேலை, ஆனால் இந்த ஆவணம் திரையில் வரையப்படுவதே இல்லை. அதனால் அது டெக்ஸ்ட்கன்டென்ட் போலவே எல்லாவற்றையும் அள்ளித் தரும். அதில் ஸ்டைல், ஸ்கிரிப்ட் டேக்குகளின் உள்ளடக்கமும் அடங்கும். விக்கிப்பீடியாவில் இது நன்றாகவே தெரியும். வார்ப்புருக்கள் கட்டுரையின் நடுவிலேயே ஸ்டைல் டேக் வைப்பதால், தகவற்பெட்டியின் எழுத்தை எடுத்தால் கூடவே சிஎஸ்எஸ் வரிகளும் ஒட்டிக்கொண்டு வரும். எனவே எடுப்பதற்கு முன், ஸ்டைல், ஸ்கிரிப்ட் இரண்டையும், 'ரெஃபரன்ஸ்' என்ற கிளாஸ் உள்ள சூப் டேக்குகளையும் ரிமூவ் கட்டளையால் நீக்கிவிடுங்கள். மேற்கோள் எண்கள் இல்லாத சுத்தமான உரை கிடைக்கும். இது உங்கள் கையில் இருக்கும் நகல்தான். என்ன வெட்டினாலும் யாருக்கும் பாதிப்பில்லை.

படத்தின் முகவரி மட்டும் தேவை என்றாலும் கெட்ஆட்ரிப்யூட்தான். பல தளங்கள் எஸ்ஆர்சியில் ஒரு வெற்றுப் படத்தை வைத்துவிட்டு, உண்மையான முகவரியை டேட்டா-எஸ்ஆர்சி போன்ற பண்பில் வைத்திருக்கும். சில தளங்கள் நோஸ்கிரிப்ட் டேக்குக்குள் வைக்கும். டாம்பார்சரில் ஸ்கிரிப்ட் அணைந்திருப்பதால், நோஸ்கிரிப்டுக்குள் இருப்பதும் முறையான எலிமென்ட்களாகவே பிரியும், நேராகத் தேடி எடுத்துவிடலாம்.

எடுத்ததை உங்கள் பக்கத்தில் காட்டும்போதுதான் கடைசி ஆபத்து. பிரித்த ஆவணத்தில் இருந்து ஒரு பத்தியைத் தூக்கி அப்பென்ட்சைல்ட் மூலம் உங்கள் பக்கத்தில் சேர்த்தால், அதற்குள் இருக்கும் படம் இடம் மாறிய உடனே இறங்கத் தொடங்கும். ஆன்எரரும் உயிர் பெறும். அதுவரை காத்த காவல் அத்தனையும் வீண். எலிமென்ட்டை நகர்த்தாமல் உரையை மட்டும் நகர்த்துங்கள்: உங்கள் பக்கத்தில் புதிதாக ஒரு பி டேக் உருவாக்கி, அதன் டெக்ஸ்ட்கன்டென்ட்டில் சரத்தைப் போடுங்கள். தடித்த எழுத்து, பட்டியல் போன்ற வடிவமும் வேண்டும் என்றால், க்யூர்53 குழுவின் டாம்ப்யூரிஃபை நூலகத்தில் வடிகட்டி, படம், வீடியோ டேக்குகளைத் தடைப் பட்டியலில் சேர்த்த பிறகு காட்டுங்கள்.

வேறு தளத்தின் பக்கம் வேண்டுமென்றால்

பிரவுசரில் நிற்கும் பக்கம் வேறொரு தளத்தின் பதிலைப் படிக்க, அந்தத் தளமே கோர்ஸ் (தளங்களுக்கிடையே படிக்கும் அனுமதி விதி) தலைப்பு மூலம் அனுமதி தர வேண்டும். 'நோ-கோர்ஸ்' என்று போட்டால் பிழை மறையும், ஆனால் பதிலை நீங்கள் படிக்கவே முடியாது. அதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். விக்கிப்பீடியாவுக்கு ஏபிஐ (நிரல்கள் தகவலை நேரடியாகக் கேட்கும் வழி) இருக்கிறது. முகவரியில் ஆரிஜின் என்பதற்கு நட்சத்திரக் குறி கொடுத்தால் எந்தத் தளத்திலிருந்தும் லாகின் இல்லாமல் படிக்கலாம். ஏபிஐ இருக்கும் இடத்தில் பக்கத்தைப் பிரிப்பது தேவையில்லாத உழைப்பு.

மற்றபடி பிரவுசர் நீட்சி எழுதுவது ஒரு வழி. குரோமின் மேனிஃபெஸ்ட் 3 நீட்சியில், பின்னணியில் ஓடும் சர்வீஸ் வொர்க்கருக்குள் டாம்பார்சர் கிடையாது. 109ஆம் பதிப்பில் வந்த, திரையில் தெரியாத ஆஃப்ஸ்கிரீன் ஆவணத்தைத் திறந்து, காரணமாக 'டாம் பார்சர்' என்று குறிப்பிட்டு, அங்கே பிரிக்க வேண்டும்.

இன்னொரு வழி, பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ். அங்கே கோர்ஸ் தடை இல்லை, 18ஆம் பதிப்பிலிருந்து ஃபெட்ச்சும் உள்ளேயே இருக்கிறது. பிரிப்பதற்கு சீரியோ என்ற நூலகம் போதும். அது வெறும் எச்டிஎம்எல் மரத்தைத்தான் கட்டும், எதையும் இறக்காது. பிரவுசர் போலவே எழுத விரும்பினால் ஜேஎஸ்டாம் நூலகம். அதுவும் இயல்பாக எதையும் இறக்காது, ஸ்கிரிப்டை ஓட்டாது. ரன்ஸ்கிரிப்ட்ஸ் என்ற விருப்பத்துக்கு 'டேஞ்சரஸ்லி' என்று பெயரிட்டு வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரை மதியுங்கள்.

பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை என்றால்

சில தளங்களின் எச்டிஎம்எல்லில் ஒரு காலி டிவ்வும் பெரிய ஸ்கிரிப்ட்டும்தான் இருக்கும். உள்ளடக்கம் பிறகு ஸ்கிரிப்ட் மூலம் வருகிறது. அப்போதும் உடனே கனமான கருவிகளுக்குப் போக வேண்டாம். எல்டி+ஜேசன் வகை (தேடுபொறிகள் படிக்க வைக்கும் தகவல்) ஸ்கிரிப்ட் டேக் இருக்கிறதா பாருங்கள். செய்தித் தளங்களிலும் சமையல் குறிப்புத் தளங்களிலும் தலைப்பு, தேதி, ஆசிரியர் எல்லாம் பெரும்பாலும் அதில் ஒழுங்காக இருக்கும். ஜேசன்.பார்ஸ் போட்டால் வேலை முடிந்தது. இல்லையென்றால் நெட்வொர்க் டேப்பில் அந்தத் தளமே எந்த முகவரியில் தகவலைக் கேட்கிறது என்று கண்டுபிடியுங்கள்.

இரண்டும் கைகொடுக்காவிட்டால்தான், முழு பிரவுசரையே நிரலால் இயக்கும் பப்பட்டியர், பிளேரைட் போன்றவை. பப்பட்டியரில் செட்ரிக்வெஸ்ட்இன்டர்செப்ஷனை இயக்கிவிட்டு, ஒவ்வொரு கோரிக்கையின் ரிசோர்ஸ்டைப்பையும் பாருங்கள். படம், ஃபான்ட், மீடியா என்றால் அபார்ட், மற்றவற்றுக்கு கன்டின்யூ. எந்தக் கோரிக்கையையும் பதில் சொல்லாமல் விட்டுவிடக் கூடாது, பக்கம் அப்படியே தொங்கி நிற்கும். ஸ்கிரிப்டை இங்கே தடுக்காதீர்கள், உள்ளடக்கத்தைக் கொண்டுவருவதே அதுதான். பிளேரைட்டில் இதே வேலையைப் பேஜ்.ரூட் செய்யும்.

எந்த வழியில் போனாலும், நிறையப் பக்கங்களைப் படிப்பதாக இருந்தால் நிரல்கள் எந்தப் பக்கங்களைப் படிக்கலாம் என்று சொல்லும் அந்தத் தளத்தின் ரோபாட்ஸ்.டிஎக்ஸ்டி கோப்பை முதலில் படியுங்கள். கோரிக்கைகளை ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி விட்டு அனுப்புங்கள். 429 என்ற நிலை எண் வந்தால் வேகம் அதிகம் என்று சர்வர் சொல்கிறது. ரீட்ரை-ஆஃப்டர் தலைப்பு கூடவே வந்தால் அதில் சொன்ன நேரம் வரை நிறுத்தி வைத்து, பிறகு தொடருங்கள்.